100 மணிகளில் 41

தம்பலகாமம்,
புரட்டாதி, 2025.

அன்புள்ள தேவி,

சித்திரைக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன். உன்னுடைய இரண்டு கடிதங்களும் கைக்கு வந்து சேர்ந்தன. பேத்தி பிறந்த செய்தியைப் படித்து இரண்டு நாட்கள் வீட்டில் அதே பேச்சாக இருந்தோம். பெயர் வைக்கும் பொறுப்பை உன்னிடம் விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். விடுதிப் பூனைக்கு நீ வைத்த பெயர் நினைவுக்கு வந்ததால், அந்தப் பிள்ளைக்காகப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். இங்கு எல்லோரும் சுகம். தம்பி வீட்டுக் கூரை வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது.

மேட்டுவளவு ஆச்சி ஆடி அமாவாசைக்கு மூன்று நாட்கள் முன்பாகக் காலமாகிவிட்டார். அன்றே உனக்கு அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காதது என் பிழை. அந்தியேட்டி முடிந்த மறுநாள் ஆச்சியின் மகள் என்னை அழைத்து, குசினி வளையில், அடுப்புப் புகை நேராகப் படும் இடத்தில் கட்டித் தொங்கிய பனையோலை உமலைக் காட்டி, "ரீச்சர், இதை என்ன செய்யிறது?" என்று கேட்டாள். அவிழ்த்துப் பார்த்தோம். மேலே காய்ந்த வேப்பிலைக் கொத்து. அதன் கீழே புகை மணம் ஏறிய பச்சைப்பெருமாள் என்ற பழைய இன நெல். நிறுத்துப் பார்த்தபோது மூன்றேகால் கிலோ இருந்தது. நான் அறிந்தவரை தம்பலகாமத்தில் அந்த விதை இப்போது வேறு எவரிடமும் இல்லை.

ஆச்சி கடைசியாக அதை அறுத்தது 2024 தை மாதத்தில். சென்ற பெரும்போகத்தில் அவரால் எழுந்து நடமாட முடியவில்லை. அந்தக் கால் ஏக்கரும் தரிசாகக் கிடந்தது. ஆகவே விதைக்கு ஒன்றரை வயதாகிவிட்டது. நம் ஊர் வெப்பத்தில் விதைநெல் ஒரு வருடத்துக்கு மேல் முளைப்புத் திறனோடு இருப்பது அரிது என்பது உனக்கும் தெரியும். வீட்டுக்குக் கொண்டுவந்து சுளகில் பரப்பி, பதர் நீக்கி, 100 மணிகளை எண்ணி எடுத்து, ஓர் இரவு ஊறவைத்து, ஈரச் சாக்கில் வரிசையாக அடுக்கிச் சுருட்டி வைத்தேன். மூன்றாம் நாள் பிரித்துப் பார்த்தபோது 12 மணிகளில் மட்டும் வெள்ளை முனை தெரிந்தது. அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. ஆறாம் நாள் காலையில் 41. விதைநெல் என்றால் 100க்கு 85 ஆவது முளைக்க வேண்டும். ஆனாலும் அந்த 41 முளைகளையும் பார்த்துக்கொண்டு முற்றத்தில் வெகுநேரம் இருந்தேன். இன்னும் ஒரு போகம் தள்ளிப்போனால் இந்த எண்ணிக்கையும் கிடைக்காது.

இந்த நெல் எங்கிருந்து வந்தது என்பதை உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களை வெள்ளம் கொண்டுபோன அந்தச் சித்திரையில், ஆச்சியின் விதைப் பானைக்குள்ளும் தண்ணீர் புகுந்து நெல் முழுவதும் முளைகட்டிவிட்டது. அதைக் கேள்விப்பட்டு உன் அம்மம்மா தென்மராட்சி மட்டுவிலிலிருந்து இரண்டு கொத்து நெல்லை அளந்து தந்ததும், நாம் இருவரும் அந்த உமலை மடியில் மாறிமாறி வைத்துக்கொண்டு வவுனியா வழியாக வந்ததும், வழியில் இறக்கிச் சோதித்தபோது நீ சொன்ன பதிலும் இப்போதும் என் காதில் இருக்கின்றன. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது ஆச்சி நகைப் பெட்டியை அயல் வீட்டில் விட்டுவிட்டு இந்த விதையைத்தான் தூக்கிக்கொண்டு போனார். அப்படி வந்த நெல், தேவி.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் கோயிலில் புதுநெல்லைப் படைத்துப் புதிர் எடுப்பதற்கு ஆச்சியின் கால் ஏக்கரிலிருந்துதான் கதிர் போகும். இந்த வருடம் அது இல்லாமல் பத்தலகொட ஆராய்ச்சி நிலையத்தின் புது இனமான பீ.ஜி. நெல்லில் புதிர் எடுத்தார்கள். பூசையில் குறை ஒன்றுமில்லை, புதுநெல் புதுநெல்தான். ஆனால் பொங்கலின் நிறமும் மணமும் மாறியிருந்ததைப் பந்தியில் இருந்த ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. குளக்கோட்டன் கோணேசருக்குச் செந்நெல் விளைவிக்கக் குளம் கட்டினான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது!

இனி, என்னை உறங்கவிடாத விடயத்துக்கு வருகிறேன். ஆச்சியின் மேட்டு நிலத்தைப் பிள்ளைகள் விற்கப் போகிறார்கள். அவர்கள் மீது எனக்குக் குறை இல்லை, அவர்களுக்குக் கடன் இருக்கிறது. ஆகவே இந்த விதையை என் வயலில்தான் போட வேண்டும். என் வயலோ வாய்க்கால் தண்ணீரை நம்பியது. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், இம்முறை எல்லோரும் மூன்று மாத இனங்களையே விதைப்பது என்றும், கடைசித் தண்ணீர் திறக்கும் நாள் இதுதான் என்றும் தீர்மானித்துவிட்டார்கள். பீ.ஜி. 300, ஏ.ரீ. 307 போன்றவை அந்தக் கணக்குக்குள் அடங்கும். பச்சைப்பெருமாளுக்கு மூன்றரை மாதம் வேண்டும். கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் குளத்து மதகான துருசை அடைத்துவிட்டால் விதை முழுவதும் பதராகிவிடும்.

நாம் பழைய நெல்லை மறந்ததால் அது போய்விட்டது என்று பலரும் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கமக்காரர் எவரும் சும்மா மறக்கவில்லை. தண்ணீர் முறை ஒரே வயதுடைய நெல்லைக் கேட்கிறது. யூரியா போட்டால் உயர்ந்த நெல் சாய்ந்துவிடுகிறது. வெட்டு இயந்திரம் சாய்ந்த பயிரை விட்டுவிட்டுப் போகிறது. போதாக்குறைக்கு ஒருவருடைய வயல் நெல்லையும் களைநெல்லையும் அடுத்தவருடைய வயலுக்குச் சுமந்து வருகிறது. விற்கப் போனால், 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்ட உத்தரவாத விலையில் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய், சம்பாவுக்கு 125, கீரிச்சம்பாவுக்கு 132 என்று மூன்று வரிசைகள் இருக்கின்றனவே தவிர, பச்சைப்பெருமாளுக்கென்று ஒரு வரிசை இல்லை. நல்ல பசளையோடு என் வயலில் பீ.ஜி. ஏக்கருக்கு 25 மூடை தருகிறது. ஆச்சியின் நெல் ஏக்கர் கணக்கில் 10 மூடையைத் தாண்டியதில்லை. பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவரிடம் 15 மூடையை விட்டுக்கொடு என்று நான் எந்த முகத்தோடு கேட்பேன்? பத்தலகொட நிலையத்தின் நெல்லினங்கள் இந்த நாட்டுக்குச் சோறு போட்டன. அதை மறுப்பவர்களோடு நான் சேரமாட்டேன். அவற்றோடு கூடவே, ஊருக்கு ஒரு கால் ஏக்கராவது பழைய நெல் நிற்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திய பிறகு வந்த பெரும்போகம் உனக்கு நினைவிருக்கும். என் வயல் மஞ்சளித்து, குட்டையாக நின்றது. வரம்பில் நின்று பார்த்தால் ஆச்சியின் கால் ஏக்கர் மட்டும் வழமைபோல் இடுப்பளவு உயர்ந்து நின்றது. அந்த நெல் யூரியாவைக் கண்டதே இல்லை. ஆகவே அது இல்லாமற்போனதும் அதற்குத் தெரியவில்லை.

இன்னொரு செய்தியும் உன்னிடம் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் நாட்கணக்கில் மூழ்கியும் அழுகாமல் மீண்டு எழும் நெல்லினங்களை 1970களில் ஆராய்ந்தவர்கள், நம் நாட்டிலிருந்து எடுத்துக் காட்டியவற்றில் ஒன்றின் பெயர் குர்கறுப்பன். பெயரைப் பார்த்தாயா? நம் மொழியில் எவரோ ஒரு கமக்காரர் வைத்த பெயர். கார்த்திகை, மார்கழியில் மகாவலி வெள்ளம் வந்து இறங்கும் வெருகல், ஈச்சிலம்பற்றை வயல்களை நினைத்துக்கொண்டு அந்தப் பெயரைப் படித்தேன். பயிரின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டியான் பூச்சியைத் தாங்கும் குணத்துக்காக உலகமெங்கும் நெல் ஆராய்ச்சிக்காரர்கள் பயன்படுத்திய ரத்து ஹீனட்டியும் இந்தத் தீவின் பழைய நெல்தான். எந்தக் குணம் எந்தக் காலத்தில் தேவைப்படும் என்பதை விதை கையில் இருக்கும்போது நாம் அறிவதில்லை.

பச்சைப்பெருமாள் அரிசி தென்னிலங்கைக் கடைகளில் பைகளில் அடைத்து நல்ல விலைக்கு விற்கப்படுகிறதே, பிறகு ஏன் இவ்வளவு கவலை என்று நீ கேட்பாய். என் தம்பியும் கேட்டான். ஒரே பெயரில் பல நெல் உண்டு, தேவி. ஓர் ஊரில் பல வருடம் விதைத்து, நல்ல கதிராகப் பார்த்து எடுத்து வைத்த நெல், அந்த ஊரின் மண்ணுக்கும் மழைக்கும் பழகிப்போகிறது. ஆச்சி வரம்போரக் கதிரை விதைக்கு எடுக்கமாட்டார். வயலின் நடுவிலிருந்து, ஒரே நேரத்தில் பழுத்த கதிர்களைக் கையால் கொய்து, தனியாக அடித்து, தனியாக உலர்த்துவார். அந்தத் தெரிவு கடைப் பையில் வராது. கன்னொறுவையில் உள்ள தாவர மரபணு வள நிலையத்துக்கும் ஒரு பங்கை அனுப்பத்தான் போகிறேன்; முதலில் புதுவிதையாகப் பெருக்க வேண்டும். குளிரறையில் வைப்பது அவசியம். வருடாவருடம் மழையில் நிற்க வைப்பதும் அவசியம்.

நான் செய்திருப்பது இதுதான். துருசு திறப்பதற்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பாகவே வீட்டுக் கிணற்று நீரில் நாற்றுமேடை போட்டு, தண்ணீர் வந்ததும் பிடுங்கி நடுவதாக, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் சொன்னேன். வயது வித்தியாசம் நாற்றுமேடையிலேயே கழிந்துவிடும். அவர் சற்று யோசித்துவிட்டு, "ரீச்சர், கடைசித் தண்ணிக்கு மேல ஒரு நாளும் கேக்கப்படாது" என்று சொல்லிச் சம்மதித்தார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு என்றும் நன்றி உடையவளாக இருப்பேன்.

ஆனால் ஒரே இடத்தில் முழு விதையையும் போட எனக்கு மனம் ஒப்பவில்லை. மார்கழி வெள்ளம் ஒருமுறை இறங்கினால் எல்லாம் முடிந்துவிடும். எனவே ஒன்றரைக் கிலோவை உனக்கு அனுப்புகிறேன். உன் அண்ணாவின் மட்டுவில் வயலில் இன்னமும் மழையை நம்பி மொட்டைக்கறுப்பன் என்ற பழைய நெல்லை விதைக்கிறார்கள் அல்லவா? அதிலிருந்து குறைந்தது மூன்று மீற்றர் தள்ளி, ஒரு சிறிய பாத்தியில் போடச் சொல். நெல் தன் பூவிலேயே மகரந்தம் சேரும் பயிர் என்பதால் அந்த இடைவெளி போதும். களத்தில் கலப்பதுதான் ஆபத்து. வீசி விதைக்க வேண்டாம், 100க்கு 41 தான் முளைக்கிறது. நாற்றாக்கி ஒற்றை நாற்றாக நடச் சொல். கையால் அறுக்கட்டும், சாக்கில் வைத்துத் தடியால் அடிக்கட்டும், எந்த இயந்திரமும் வேண்டாம். அண்ணா முணுமுணுப்பார், 1986இல் அவர் நமக்குப் பஸ்ஸில் இடம் பிடித்துத் தருவதாகச் சொல்லி எங்கே போனார் என்று கேள், உடனே சம்மதிப்பார். அத்துடன், தென்மராட்சியில் அந்தப் பழைய வழி விதையை வேறு எவராவது வைத்திருக்கிறார்களா என்பதையும் விசாரித்து எழுது.

வெள்ளிக்கிழமை யாழ்ப்பாண பஸ்ஸில் தம்பியின் மகன் வருகிறான். விதையை ஆச்சியின் உமலிலேயே கட்டி அவனிடம் கொடுத்துவிடுகிறேன். வாய் கிழிந்திருக்கிறது என்று அதை எறிந்துவிடாதே. மாசியில் அதில்தான் புதுநெல்லைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
பூமா