படைத் தோழர்களைத் தேட உங்கள் தாளில் ஒரு மூலை கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் வந்தால் உங்கள் தாளில் 1971 போர் பற்றிக் கட்டுரை வருகிறது, டாக்காவில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் படமும் வருகிறது. வரட்டும், நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் அதே டிசம்பர் 16 அன்று மேற்கே பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில், பசந்தர் ஆற்றங்கரையில் சண்டை உச்சத்தில் இருந்தது என்பதும், அதில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள் என்பதும் எத்தனை வாசகர்களுக்குத் தெரியும் என்று எனக்குச் சந்தேகம்.

மெட்ராஸ் ரெஜிமெண்டின் 16-வது பட்டாலியன் அங்கே இருந்தது. 15-ஆம் தேதி இரவு ஆற்றைக் கடந்து போய் சராஜ் சக் என்ற இடத்தைப் பிடித்தார்கள், பக்கத்தில் ஜர்பால் என்ற ஊரைப் பிடித்தது 3 கிரெனேடியர்ஸ் என்ற இன்னொரு பட்டாலியன். ஆற்றின் இரண்டு பக்கமும் கண்ணிவெடி. மதராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த 9-வது பொறியாளர் ரெஜிமெண்ட் அதை அகற்றி வழி எடுத்துக் கொடுத்தால்தான் டாங்குகள் வர முடியும், அதுவரை காலாட்படைதான் தாங்கிப் பிடிக்க வேண்டும். மறுநாள் எதிரி டாங்குகள் திரும்பத் திரும்ப வந்தன. டாங்குப் படையின் இளம் அதிகாரி, 21 வயது அருண் கேத்தர்பால் தன் டாங்கை விட்டு இறங்காமல் உயிர் விட்டது அங்கேதான். 16 மெட்ராஸின் கமாண்டிங் ஆபீசர் லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் கய் அந்தப் போரில் இறந்தார், அவருக்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். 17-ஆம் தேதி இரவு 8 மணிக்குத்தான் அந்தப் பக்கம் போர் நின்றது.

இதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது. என் அப்பா அந்தப் பட்டாலியனில் சிப்பாயாக இருந்தவர், ஆனால் அவர் வாயிலிருந்து வந்தது ரொம்பக் கொஞ்சம். நனைந்த உடுப்போடு விடிவதற்குள் குழி தோண்டி முடிக்க வேண்டும், மண்வெட்டிச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் கேட்டால், "அதெல்லாம் எதுக்கும்மா இப்போ" என்பார். போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக், மெடல்கள், அப்புறம் ஒரு குரூப் போட்டோ இருந்தது. போட்டோவின் பின்பக்கம் பென்சிலால் பெயர்கள் எழுதியிருக்கிறார். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருந்தால் ஆர்மி நம்பரின் கடைசி இரண்டு எண்ணைச் சேர்த்துக் கூப்பிடுவார்களாம், அதனால் பெயருக்குப் பக்கத்தில் எண், ஊர் கிடையாது. ஒருவருக்கு ஊர் மட்டும் இருக்கிறது, "மதுரை" என்று. பெயர் இல்லை. இதை வைத்துக்கொண்டு யாரை எங்கே போய்த் தேடுவது?

என் வீட்டுக் கதை மட்டும் இல்லை இது. வேலூர் பக்கம் தெருவுக்கு நாலு மில்ட்ரிக்காரர் வீடு உண்டு. போரில் இறந்தவர்களின் பெயர் டெல்லி தேசியப் போர் நினைவிடத்தின் கல்லில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாவில் இறந்த நம் ஆட்களுக்குக்கூட காமன்வெல்த் கல்லறை ஆணையத்தின் பதிவு இருக்கிறது, இன்னார் மகன், இன்ன ஊர் என்றுகூடப் பலருக்கு எழுதியிருக்கிறார்கள். உயிரோடு திரும்பி வந்து பென்ஷன் வாங்கி, செக்யூரிட்டி வேலை பார்த்து, பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர்களுக்குத்தான் அப்படி யாரும் பார்க்கக்கூடிய பட்டியல் இல்லை. நீலகிரி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் சென்டரும் ரெக்கார்ட் ஆபீசும் இருக்கின்றன, உண்மைதான், ஆனால் கேட்டவருக்கெல்லாம் அடுத்தவர் முகவரியைத் தூக்கிக் கொடுக்க முடியாது, கொடுக்கவும் கூடாது.

ஆகவே ஆசிரியரிடம் என் கோரிக்கை. ஞாயிற்றுக்கிழமை தாளில் கால் பக்கம் ஒதுக்குங்கள். குடும்பத்தார் அனுப்பும் பட்டாலியன், அதற்குள் எந்தக் கம்பெனி என்ற பிரிவு, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, இருந்தால் ஒரு பழைய படம், அவ்வளவு போதும். முகவரியும் போன் நம்பரும் உங்கள் அலுவலகத்தில் இருக்கட்டும். அடையாளம் தெரிந்த பெரியவர் உங்களுக்கு எழுதினால், அவர் சம்மதித்தால் மட்டும் இரண்டு பக்கமும் சேர்த்து வையுங்கள். சிலருக்கு அந்த நாட்களைப் பேசவே பிடிக்காது, என் அப்பாவே அப்படித்தான், அவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது.

பத்திரிகை படிக்காதவர்களுக்காக இன்னொன்று. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், முன்னாள் படைவீரர்கள் வைத்தியம் பார்க்கும் இசிஎச்எஸ் பாலிகிளினிக், மில்ட்ரி கேன்டீன், இந்த மூன்று இடத்திலும் மாத்திரைக்கும் மளிகைக்கும் வரிசையில் இவர்கள் நின்றே ஆக வேண்டும். அந்தப் பக்கத்தை வெட்டி அங்கே ஒட்டினால் போதும், பேச்சு தானாகக் கிளம்பும். மெட்ராஸ் ரெஜிமெண்டில் மலையாளிகள், தெலுங்கர்கள், கன்னடர்கள் எல்லாரும் ஒரே பாரக்கில் இருந்தவர்கள், அதனால் கேரளத்திலும் ஆந்திராவிலும் உள்ள பத்திரிகைகளோடு நீங்கள் பேசினால் இன்னும் நல்லது. அப்பாவின் போட்டோவில் இருப்பவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டுப் பக்கமாகக்கூட இருக்கலாம்.

1971-இல் இருபது வயதுப் பையனாக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்து ஆகப்போகிறது, அல்லது ஆகிவிட்டது. அடுத்த டிசம்பர் சிறப்பிதழ் வரை காத்திருக்காமல் இந்த மாதமே தொடங்குங்கள். என் அப்பாவின் போட்டோவை முதலில் போட வேண்டாம், அது மெதுவாக வரட்டும். எந்த வீட்டில் பெரியவர் இன்னும் உட்கார்ந்து தாள் படிக்கிறாரோ அந்த வீட்டுக் கடிதங்களை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
16 மெட்ராஸ் முன்னாள் சிப்பாய் ஒருவரின் மகள்,
வேலூர் மாவட்டம்.