மொட்டை மாடிச் செடித் தொட்டிய எடுக்கச் சொன்ன கமிட்டிக்கு

அசோசியேஷன் கமிட்டி சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். லிஃப்ட் பக்கத்துல ஒட்டியிருந்த நோட்டீஸ் பார்த்தேன், ஜூலை 15க்குள்ள மாடியில இருக்கற செடித் தொட்டி, குரோ பேக் எல்லாம் காலி பண்ணணுமாம், லீக்கேஜ், கொசு, தண்ணி செலவுன்னு மூணு காரணம் போட்டிருக்கீங்க. பாதிப்பேர் நம்மாளுங்கதான்னு தமிழ்ல எழுதறேன், மத்தவங்களுக்கு கன்னடத்துல வீட்டுக்காரம்மா எழுதித் தர்றாங்க.

காரணம் ஒண்ணும் பொய்யில்ல. தேதிதான் இடிக்குது. ஆடி பிறக்கற நேரத்துல எடுக்கச் சொல்றீங்களே, ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க? பெங்களூர்ல குளிர்காலத்துக்கு அவரைக்காய் வேணும்னா இப்பதான் விதை போட்டாகணும். நாட்டு அவரை எப்ப போட்டாலும் பகல் குறைஞ்ச அப்புறம்தான் பூக்கும், அதனால ஆடியில போட்டா கொடி நல்லா படர்ந்து பந்தல் ரொம்பி அப்புறம் பூ விடும், தீபாவளிக்குப் போட்டா முழம் நீளத்துல கொடி, அதுல நாலு காய். பெங்களூர்கிட்ட இருக்கற மாகடிப் பக்கத்து அவரைக்காய மார்கழியில கிலோ கணக்குல வாங்கறவங்களுக்கு இத நான் சொல்லணுமா?

தண்ணி விஷயம் பார்ப்போம். 2024 மார்ச்சுல குடிதண்ணிய செடிக்கு ஊத்தினா 5000 ரூபா ஃபைன்னு குடிநீர் வாரியம் போட்டுச்சு, அது நியாயம், அப்ப நோட்டீஸ் ஒட்டியிருந்தா நானே கையெழுத்து போட்டிருப்பேன். இப்போ மழைக்காலம், மண் ஈரமா இருந்தா ஊத்தவே வேணாம், ஊத்தினா வேர் அழுகும். அரிசி கழுவின தண்ணியே மிச்சம்.

கொசுதான் நிஜமான பிரச்சனை, டெங்குவ 2024 செப்டம்பர்ல கர்நாடக அரசு கொள்ளை நோய்னே அறிவிச்சாங்க. தொட்டிக்கு அடியில வைக்கற தட்டுல நிக்கற தண்ணிய கொட்டினா போதும்னு எல்லாரும் நினைக்கறோம், பத்தாது, அந்தக் கொசு முட்டைய தட்டு ஓரத்துல ஒட்டி வைக்கும், காஞ்சு கிடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, தண்ணி பட்டதும் பொரிக்கும். அதனால வாரம் ஒரு தடவை தேய்ச்சு கழுவணும், இல்லேன்னா தட்டே வேணாம். இத ரூலா போடுங்க, மீறினா ஃபைன் போடுங்க, நான் கட்டறேன்.

லீக்கேஜுக்கு தொட்டிய செங்கல் மேல தூக்கி வைக்கணும், மழைத்தண்ணி பைப் வாயில வலை போடணும், இல்லேன்னா மண்ணு ஓடி அடைச்சிடும். இருபது லிட்டர் பையில வெறும் செம்மண் போட்டு நனைஞ்சா முப்பது கிலோவுக்கு மேல வரும், பாதிக்குப் பாதி கோகோபீட், அதான் தேங்கா நார்த்தூள், கலந்தா எவ்வளவோ குறையும். கைப்பிடிச் சுவர் மேல மட்டும் யாரும் ஒண்ணும் வைக்கக் கூடாது, காத்துல விழுந்தா கீழ இருக்கறவன் மண்டை.

செடி வைக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மழையில தக்காளி போட்டு கருகல் வந்து அழாதீங்க, மழை ஓயட்டும். வெண்டை, கத்தரி, கொத்தவரை போடலாம். வேப்பெண்ணெய் அடிக்கறதுன்னா மழையில்லாத சாயங்காலம் அடிங்க, சோப்பு கலந்து.

ஆக தடைய நிறுத்தி வெச்சுட்டு இந்த ரூல்ஸ ஞாயித்துக்கிழமை மீட்டிங்ல எடுங்க. சந்தேகம் இருந்தா ராத்திரி எட்டு மணிக்கு மேல மாடிக்கு வாங்க, டார்ச்சோட நத்தை பொறுக்கிட்டு இருப்பேன், உப்புத்தண்ணி பக்கெட் ஒண்ணு கொண்டு வந்தா ரொம்ப சந்தோஷம்.