செவலை முதலில் நிற்கப் பழகட்டும், மாப்பிள்ளை

அன்பு மாப்பிள்ளைக்கு,

குதிரைவண்டிப் பந்தயத்தில் உன் குதிரை செவலை முன்னங்காலைத் தூக்கி எழுந்ததை நீ அனுப்பிய வீடியோவில் நேற்று ராத்திரி ஏழெட்டுத் தடவை பார்த்துவிட்டேன். காலையில் அக்காவும் போன் பண்ணி அழுதாள். "அந்தக் குதிரையை வித்துடச் சொல்லுப்பா, பிள்ளை கையைக் காலை ஒடிச்சுக்கிட்டு வந்து நிக்கப் போறான்" என்றாள். நீ எழுதியிருந்தது இரண்டே வரி. "வீட்டுல ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கான் மாமா. பந்தயத்துக்குப் போனா மானத்தை வாங்குறான்." அந்த இரண்டு வரிக்குத்தான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். புதுவயல் பக்கமும் தேவகோட்டைப் பக்கமும் உன் வயசுப் பிள்ளைகள் நாலைந்து பேர் இதே குறையோடு என்னிடம் வந்துவிட்டார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. செவலைக்குத் திமிர் இல்லை. கொழுப்பேறிப் போச்சு, கொள்ளுத் தீனியைக் குறை என்று சொல்கிறவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதே. அவன் பயப்படுகிறான். எங்கேயோ வலிக்கவும் செய்கிறது என்று எனக்குச் சந்தேகம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வீடியோவில் எல்லோரும் பார்ப்பது அவன் முன்னங்காலைத் தூக்கிய அந்த நொடியை. நீ அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய நாலு நிமிஷத்தைப் பார். வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. செவலையின் காதுகள் ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் மாறி மாறித் திரும்பிக்கொண்டே இருக்கின்றன. வால் பின்பக்கத்தோடு இறுகி ஒட்டியிருக்கிறது. வாய் ஒரு நிமிஷம் சும்மா இல்லை. கடிவாள இரும்பை நாக்கால் தள்ளுகிறான், கடிக்கிறான், மறுபடி தள்ளுகிறான். கழுத்தில் வார் உரசிய இடமெல்லாம் வெள்ளை நுரை. ஒரு அடி ஓடவில்லை, அதற்குள் வேர்த்துக் கொட்டுகிறது. பக்கத்து வண்டியில் அந்த வெள்ளைக் குதிரையைப் பார், ஒரு பின்னங்காலை மடக்கி வைத்துக்கொண்டு அரைத்தூக்கத்தில் நிற்கிறது.

அப்புறம்தான் பின்னால் பைக்கில் வந்த பையன்கள் ஹாரனை அமுக்குகிறார்கள். செவலை முன்னே பாயப் பார்க்கிறான், பந்தயம் தொடங்கக் கொடி விழவில்லை என்று நீ கடிவாள வாரைச் சுண்டி இழுக்கிறாய். முன்னே போனால் வாய் வலிக்கிறது, பின்னே சத்தம், இரண்டு பக்கமும் வண்டியின் ஏர்க்கால். மேலே போவதைத் தவிர அவனுக்கு வேறு இடம் இல்லை, மாப்பிள்ளை.

நாம் இதைப் பயம் என்று உடனே புரிந்துகொள்ளாததற்கு ஒரு காரணம் உண்டு என்று நினைக்கிறேன். சின்ன வயசிலிருந்து அய்யனார் கோயில் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கண் பிதுங்கி, மூக்கு விரிந்து, பல் தெரிய, கழுத்தை விறைத்துக்கொண்டு நிற்கும். சாமி ராத்திரி ஏறிப் போகிற குதிரை, அப்படித்தான் இருக்க வேண்டும். மண்குதிரை செய்கிற வேளார் கைபட்டு வந்த அந்த முகத்தை நான் கும்பிடுகிறவன். ஆனால் அதே முகத்தை உயிருள்ள குதிரையில் பார்த்தால் வீரம் என்று எண்ணக்கூடாது. கண்ணில் வெள்ளை தெரிகிற, மூக்கு விரிந்த குதிரை ஓடிப்போக வழி தேடுகிற குதிரை.

ஓடித் தப்பிக்கிற சாதி குதிரை. கண் தலையின் இரண்டு பக்கமும் இருப்பதால் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம், அவ்வளவுதான் தெரியாது. நாம் கண்ணுக்குத் தோல் மறைப்பு கட்டி அந்தப் பார்வையைக் குறுக்கிவிடுகிறோம். நேராக ஓடுவதற்கு அது நல்லதுதான். ஆனால் செவலைக்குப் பின்னால் பைக் வருவது கேட்கிறது, என்ன வருகிறது என்று பார்க்க முடியவில்லை. சில குதிரைகளுக்கு மறைப்பு அமைதி தரும், சிலதுக்குக் கிலி தரும். உன்னுடையவன் எந்த ரகம் என்று வீட்டில், ஆளில்லாத வண்டிப்பாதையில், வண்டியில் பூட்டாமல் கையில் பிடித்து நடத்திப் பார். பூட்டிய வண்டியில் மட்டும் மறைப்பைக் கழற்றிவிடாதே. தன் பின்னால் சக்கரம் சுழல்வதைத் திடீரென்று பார்த்துத் தறிகெட்டு ஓடிய குதிரைகள் உண்டு.

இப்போது என் கதை. நீ பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அக்கா சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு ஒரு சாம்பல் நிறக் குதிரை இருந்தது. தினமும் காலையில் பள்ளத்தூர் ரோட்டில் அப்படி ஓடுவான். பந்தயத்தில் நின்றால் தலையை ஆட்டுவான், பின்னுக்கே நகர்வான். மூன்று பந்தயம் இப்படிப் போனது. நாலாவதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஊரே பார்க்கிறது, சம்பந்தி வீட்டார் வேறு வந்திருக்கிறார்கள். சவுக்கை எடுத்து மாறி மாறி வீசினேன். அவன் பின்னுக்கே போனான், போய்ப் போய் ரோட்டோரப் பள்ளத்தில் வண்டியோடு சரிந்தான். ஏர்க்கால் முறிந்தது, என் தோள்பட்டை எலும்பும் முறிந்தது. அவனுக்குப் பின்னங்காலில் எலும்பு தெரிகிற அளவுக்குக் கிழிசல். ஒரு சின்னப் பையன் இரண்டடி தள்ளி நின்றதால் பிழைத்தான். அந்தப் பையன் முகம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

கட்டோடு வீட்டில் கிடந்தபோது லாடம் அடிக்கிற பெரியவர் ஒருவர் குதிரையைப் பார்க்க வந்தார். நான் சொன்ன எதையும் காதில் வாங்காமல் நேரே போய், குதிரையின் நாக்கைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே டார்ச் அடித்து, "வந்து பாரு" என்றார். கன்னத்தின் உள்பக்கம் நீளமாக ஒரு புண், நடுவில் வெள்ளையாகக் குழி விழுந்து, ஓரமெல்லாம் சிவந்து. அதற்கு நேராக மேல் கடைவாய்ப் பல்லின் வெளி ஓரம் அரிவாள் மாதிரிக் கூர். விரலை வைத்தேன், கீறியது. வார் இறுகும்போதெல்லாம் கன்னம் அந்தப் பல்லில் அழுந்தியிருக்கிறது. காலையில் தளர்ந்த வாரோடு ஓடும்போது வலிக்கவில்லை. பந்தயத்தில்தான் நான் வாரை இறுக்கிப் பிடிப்பேன். அவன் களத்தைப் பார்த்ததுமே பின்னுக்குப் போனது அதற்குத்தான். நான் அவனை அடித்தேன்.

குதிரையின் பல் ஆயுசுக்கும் வெளியே வந்துகொண்டே இருக்கும், மெல்ல மெல்லத் தேயும். மேல் தாடை அகலம், கீழ்த் தாடை குறுகல். அதனால் மேல் பல்லின் வெளி ஓரமும் கீழ்ப் பல்லின் உள் ஓரமும் தேயாமல் கூராகிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆள் வைத்து அரம் போட்டு ராவ வேண்டும். சில குதிரைகளுக்குக் கடைவாய் வரிசைக்கு முன்னால் சின்னதாக ஒரு பல் முளைத்திருக்கும், கடிவாள இரும்பு அதில் இடித்தால் தாங்காது. நீ அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் செவலையை வாங்கியபோது சுழி பார்த்தாய், முன்பல்லைப் பார்த்து வயசு கணித்தாய். கடைவாயைப் பார்த்தாயா? முதுகில் சேணப்பட்டை அழுத்துகிற இடத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாயா? இதைப் பார்க்காமல் வேறு எதைச் செய்தாலும் வீண். உள்ளூரில் குதிரைப் பல் பார்க்கிற டாக்டர் அமையவில்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போவோம். வண்டி வாடகை நான் தருகிறேன்.

வயிறும் அப்படித்தான். பந்தயத்துக்கு முந்தின ராத்திரியே தீவனத்தை நிறுத்திவிடுகிறாய் என்று உன் தம்பி சொன்னான். வயிறு காலியாக இருந்தால் லேசாக ஓடும் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. மாடு மாதிரி இல்லை இது. குதிரைக்குத் தின்றாலும் தின்னாவிட்டாலும் வயிற்றில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காலி வயிற்றோடு ஓட்டினால் அந்த அமிலம் குலுங்கி மேல்பக்கச் சுவரில் பட்டுப் புண்ணாக்கும். வயிற்றில் எரிச்சலோடு நிற்கிற மிருகத்துக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? கொள்ளும் தவிடும் மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நிறுத்து, சரி. புல்லை நிறுத்தாதே. வண்டி பூட்டுவதற்கு அரைமணி முன்னால்கூட இரண்டு கைப்பிடி காய்ந்த புல்லைக் காட்டு. களத்தில் புல்லைத் தொடவே மாட்டேன் என்கிறான் என்றால், அன்று அவன் ஓடத் தயாராக இல்லை என்று எடுத்துக்கொள்.

இன்னொன்றையும் பழகு. தாடை எலும்பின் உள்பக்கம் கீழே விரல் நுனியை வைத்தால் நூல் மாதிரி ஒரு நாளம் உருளும். அதில் 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கு. ஓய்வாக நிற்கிற குதிரைக்கு நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஒரு வாரம் காலையும் மாலையும் கொட்டகையில் எண்ணிக் காலண்டரில் குறித்து வை. களத்தில் இறக்கியதும் எண்ணு. அது இறங்குகிறதா என்று பார். நீ விரலை வைத்து நிற்கிற அந்த நேரம் உனக்கும் நல்லது. சுவீடனில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2009-இல் வெளியானது. ஆட்களைக் குதிரையைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொல்லி, கடைசி நடையில் மட்டும் "இப்போது குடையைப் படாரென்று விரிப்போம்" என்றார்கள். குடையை விரிக்கவே இல்லை. நடத்திப் போனவர்களுக்கும் நெஞ்சு வேகமாக அடித்தது, ஒன்றும் அறியாத குதிரைகளுக்கும் அடித்தது. வீடியோவில் உன் கையைப் பார், மணிக்கட்டு கல்லாக இருக்கிறது. நீ பயந்ததை அவன் வார் வழியாகவே படித்துவிட்டான்.

இனி நான் கேட்பது உனக்குக் கஷ்டமாக இருக்கும். வாயும் முதுகும் சரி என்று தெரிந்த பிறகு, ஒரு சீசன் முழுக்கச் செவலையைப் பந்தயத்துக்குக் கூட்டிப் போ, ஓட்டாதே. நுழைவுச்சீட்டு போடாதே. வண்டியே வேண்டாம். கயிற்றில் பிடித்துக்கொண்டு போய்த் தூரத்தில் நில். ஓட அவனுக்குத் தெரியும். போகவர 8 மைல் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்று எனக்கும் தெரியும். நிற்கத்தான் தெரியவில்லை, அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை.

எவ்வளவு தூரம் என்று அவனே சொல்வான். காது திரும்பும், தலை உயரும், ஆனால் கால் நகராது. அந்த இடம்தான் கணக்கு. அங்கே நின்று தோளுக்கு மேலே, பிடரி முடிகிற இடத்தில் விரலால் சொறிந்து கொடு. குதிரைகள் ஒன்றுக்கொன்று பல்லால் சொறிந்துகொள்கிற இடம் அது, அங்கே சொறிந்தால் நாடி இறங்கும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். தலை தாழ்ந்து, உதடு தொங்கி, ஒரு பெருமூச்சு விட்டதும் திருப்பி வீட்டுக்குக் கூட்டி வந்துவிடு. இன்னும் கொஞ்சம் கிட்டே போவோம் என்று ஆசைப்படாதே. அடுத்த தடவை பத்தடி கிட்டே போகலாம்.

பந்தயம் இல்லாத நாளிலும் நம் ஊரில் சத்தத்துக்குப் பஞ்சமா? செட்டிநாடு ஸ்டேஷன் பக்கம் ரயில் வருகிற நேரத்துக்கு முந்நூறு அடி தள்ளி நிறுத்து. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகக் காவடியோடு பழனிக்கு நடந்து போகிற கூட்டத்தை ரோட்டோரப் புளியமரத்தடியில் நின்று பார்க்கட்டும். அய்யனாருக்கு மண்குதிரை தூக்கிப் போகிற புரவி எடுப்புக்குக் கொட்டு வரும்போதும் அப்படியே. கூடவே நம் பங்காளி வீட்டு வயசான வெள்ளைக் குதிரையைக் கூட்டிப் போ. இதை நான் முக்கியமாகச் சொல்கிறேன். உங்கள் கொட்டகையில் செவலை ஒற்றைக் குதிரை. கூட்டமாக வாழ வேண்டிய பிராணி அது. களத்தில் பத்துக் குதிரையைக் கண்டதும் அவன் கனைக்கிறான், அதுகள் ஓடிப்போகின்றன, இவன் மட்டும் பிடிபட்டு நிற்கிறான். பக்கத்தில் அமைதியான ஒரு கிழக்குதிரை புல் தின்றுகொண்டு நின்றால், இவனும் குனிந்து ஒரு வாய் எடுப்பான்.

சாராயம் ஊற்று, ஊசி போடு, காதைத் திருகு என்று சொல்ல ஆள் வருவார்கள். வாசலோடு அனுப்பிவிடு. பைக்கில் கூட வருகிற உன் சேக்காளிகளிடமும் கண்டிப்பாகச் சொல், ஹாரன் அடிக்கிறவன் இனி உன் வண்டிக்குப் பின்னால் வரக்கூடாது. கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

இத்தனைக்குப் பிறகும் சில குதிரைகளுக்குக் களம் ஒத்துவராது. அப்படித்தான் என்று தெரிந்தால் நானே சொல்கிறேன். அப்போதும் கண்டவனுக்கு விற்க வேண்டாம், என் தோப்பில் இடம் இருக்கிறது. என் சாம்பல் குதிரை அங்கேதான் பதினோரு வருஷம் இருந்தான். கால் ஆறியது, பல் ராவிய பிறகு வாயும் ஆறியது. நான் சவுக்கோடு இல்லாமல் வெறுங்கையோடு போனாலும், முதல் ஒரு வருஷம் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்வான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நல்ல வெளிச்சம் உள்ள டார்ச் ஒன்று எடுத்து வை. சனிக்கிழமை ராத்திரி அவனுக்குப் புல்லை நிறுத்திவிடாதே. அக்காவிடம் சொல், நான் வரும்வரை யாரிடமும் விலை பேச வேண்டாம்.

அன்புடன்,
மாமா