முப்பது சதவீதம் என்றால் மருந்து அடிக்கலாமா? – விவசாயிகள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. நிர்வாகக் குழுவில் மாற்றம் இல்லை. ஆகவே நேரே ஆராய்ச்சிக் குழுவோடு சேர்ந்து செய்த வேலைக்கு வந்துவிடுகிறேன்.

இலைநோய்க்கு எப்போது மருந்து அடிப்பது என்று கேட்டுத்தான் அவர்களிடம் போனோம். அடி, அடிக்காதே என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தோம். அவர்களோ நோய் பரவ 30 சதவீத வாய்ப்பு என்றார்கள். மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "முப்பதுன்னா தம்பி, தெளிப்பானைத் தோளில மாட்டவா, கழற்றி வைக்கவா?" என்றார். சிரித்தோம். ஆனால் ஆண்டு முழுக்கப் பேசியது அதைத்தான்.

கணக்கு என்னவோ சின்னதுதான். அடிக்கும் செலவு ஒரு பங்கு, அடித்தால் தப்பும் விளைச்சல் ஐந்து பங்கு என்றால், வாய்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டியதும் அடிப்பது லாபம். இரண்டு பங்குதான் தப்பும் என்றால் 50 வரை பொறுக்கலாம். அதே 30 சதவீதத்துக்கு ஒருவர் அடிப்பார், பக்கத்து வயல்காரர் அடிக்கமாட்டார், இரண்டும் சரி.

அப்புறம், ஒரு சோதனை முடிவை எவ்வளவு நம்பலாம் என்று பார்க்க ஒரு பன்றிக் கணக்கு. லாரிட்சன், நில்சன் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் வருவது. பத்தில் ஒரு பன்றிக்கு நோய். நோயுள்ளதில் 100-க்கு 80-ஐயும், நலமாக இருப்பதில் 100-க்கு 90-ஐயும் சோதனை சரியாகச் சொல்லும். நோய் என்று முடிவு வந்தால் நம்பலாமா? கரும்பலகையில் 100 பன்றிக்குப் போட்டுப் பார்த்தோம். நோயுள்ள 10-இல் 8 பிடிபடும். நலமான 90-இலும் 9 வீணாக மாட்டும். ஆக 17-இல் 8, பாதிகூட இல்லை. புதிய தகவல் வந்ததும் வாய்ப்பைத் திருத்திக் கணக்கிடும் இந்த வழி, பேயஸ் என்பவர் இறந்த பிறகு 1763-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையிலிருந்து வந்தது. அந்தப் பன்றிக் கதையில் பன்றி வளர்ப்பவர் பழைய குறிப்பு எதுவும் வைத்துக்கொள்ளாமல், கடைசிச் சோதனையை மட்டும் பார்த்து முடிவெடுப்பார். நம்மைப் பார்த்தே எழுதியது போலிருந்தது.

நம் குறையும் அந்தக் குறிப்பில்தான். தெளித்த தேதியை எழுதியவர்கள் சிலர். தெளிக்காமல் விட்ட நாளை எழுதியவர் ஒருவரும் இல்லை. அது இல்லாமல் மருந்தின் பலனைப் பிரித்தறிய முடியாது என்கிறார்கள் ஆராய்ச்சிக் குழுவினர். இலை ஈரம் அளக்கும் கருவி ஒன்று மோட்டார் அறையின் கசியும் சுவரோரம் இருந்து, ஒரு பருவம் முழுக்கச் சுவர்த் தண்ணீரையே அளந்தது. மாட்டியவன் நான்தான்.

அவர்கள் 30 என்று சொன்ன நாள்களில் பத்துக்கு மூன்று தடவை அளவில் நோய் வந்ததா என்பதை வரும் பருவத்தில் சரிபார்ப்போம். அதுவரை இந்த முறையைப் புதியவர்களுக்குப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை.

குறிப்பேடுகளில் உறுப்பினர் பெயரை நீக்கியே ஆராய்ச்சிக் குழுவுக்குத் தருவது என்று ஒப்பந்தம் எழுதியாயிற்று. புதிய குறிப்பேடு வாசலில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.