அம்மா ஞாபகம் வைத்திருந்த ஆபரேஷன்

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுத முடிகிறது, அதனால் தாமதத்துக்கு முதலில் மன்னியுங்கள்.

அம்மா, உனக்குத்தான் முதல் நன்றி. எனக்கு வந்தது விரைப் புற்றுநோய். வலது விரையை எடுத்த பிறகு ஸ்கேனில் வயிற்றுக்குள்ளும் பரவியிருந்தது தெரிந்தது. அது டாக்டர்கள் எதிர்பார்த்ததுதான், ஏனென்றால் விரை கருவில் சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் உருவாகி அப்புறம்தான் கீழே இறங்குகிறது, நோயும் அந்த வழியிலேயே மேலே ஏறிப் பெரிய ரத்தக்குழாய்களை ஒட்டிய நிணநீர்க் கணுக்களுக்குப் போகும். ஆனால் எனக்குத் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருந்தது. முன்பு காட்டிய ஒரு கிளினிக்கில் கால் புண்ணால் வந்த நெறி என்று மாத்திரை கொடுத்தே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார்கள். மும்பை பரேலில் உள்ள டாடா புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சர்ஜன் அந்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்துவிட்டு, சின்ன வயதில் இங்கே ஏதாவது ஆபரேஷன் நடந்ததா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வராந்தாவிலிருந்து தென்காசிக்குப் போன் போட்டேன். "ஏல, ஒனக்கு ரெண்டு வயசுல வெர எறங்கலன்னு கீறி எறக்கி வச்சாங்கல்லா" என்றாய், ஒரு நொடிகூட யோசிக்காமல். அந்தப் பழைய ஆபரேஷனில் நிணநீர் போகும் பாதை மாறியதால்தான் நோய் வழக்கமில்லாத இடத்துக்கு இறங்கியது. விரை இறங்காமல் பிறந்தவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பே கூடுதலாம். தெருவில் பிள்ளைகளுக்கு இந்த ஆபரேஷன் செய்த அக்காமார் யாராவது இருந்தால் அந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள், பையன் வளர்ந்ததும் சொல்லிவிடுங்கள்.

கீமோவுக்கு முன்னால் விந்தணுவைச் சேமித்து வைக்கச் சொன்ன டாக்டர் அம்மாவுக்கும், கூச்சத்தில் நின்ற என்னைக் கையைப் பிடித்து அழைத்துப்போன மச்சானுக்கும் நன்றி. நான்கு சுற்று கீமோவில் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் குறியீடுகள் இறங்கின, கட்டிகள் மட்டும் கரையவில்லை. மருந்துக்கு மசியாத டெரட்டோமா என்ற வகைக் கட்டியாக இருக்கலாம், விட்டால் வளர்ந்து நெருக்கும், கத்திதான் வழி என்றார் சர்ஜன். நெஞ்செலும்புக்குக் கீழிருந்து தொப்புளைத் தாண்டித் திறந்து, பெருந்தமனியை ஒட்டியிருந்ததை உரித்தெடுத்து, விந்து வெளிவர உதவும் நரம்புகளையும் காப்பாற்றி, அதே மயக்கத்தில் தொடை இடுக்கையும் சுத்தம் செய்தார். பயாப்ஸியில் டெரட்டோமாதான், உயிருள்ள புற்று எதுவும் இல்லை. சார், அந்த ஒரு கேள்வியைக் கேட்டீர்களே, அதற்கு என்ன கைம்மாறு செய்வேன்!

வாந்தி வரும்போதெல்லாம் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்த மலையாள சிஸ்டருக்கும், ரத்தம் கொடுக்க ஷிஃப்டை விட்டு வந்த பையன்களுக்கும், தொண்ணூறடி ரோட்டிலிருந்து தினமும் ஃபிளாஸ்க்கில் கஞ்சி கொடுத்தனுப்பிய இட்லிக்கடை அக்காவுக்கும் நன்றி. சயானைத் தாண்டி ஆட்டோவை விடமாட்டார்கள் என்பதால் ஒவ்வொரு கீமோவுக்கும் வாசலிலேயே டாக்ஸியோடு நின்ற அண்ணாச்சி, நீங்கள் ஒரு தடவைகூட மீட்டர் போடவில்லை. அடுத்த ஸ்கேனுக்கு நீங்கள் வர வேண்டாம், நான் லோக்கல் ரயிலிலேயே போய்வந்துவிடுவேன். வரும்போது உங்கள் வீட்டுக்குத்தான் முதலில் வருவேன்.