பக்கத்து வரப்பையும் கணக்கில் சேருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே பரவிய அயல் களைகளை ஒழிக்க ஆகும் செலவு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு செலவு, அதனால் கூடும் விளைச்சல் இவ்வளவு, ஆகவே பல இடங்களில் கட்டுப்படியாகாது என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். கூட்டல் கழித்தலில் தப்பில்லை. எனக்கு உறுத்தியது அந்த 'ஒரு ஏக்கருக்கு' என்பதுதான்.

என் நிலத்தில் முளைத்த பார்த்தீனியத்தை மூன்று வருடம் பூக்கும் முன்பே பிடுங்கினேன். ஒரு செடியே பல்லாயிரம் விதை போடும், அது காற்றில் போகும், வாய்க்கால் தண்ணீரில் போகும், டிராக்டர் டயரில் ஒட்டிய சேற்றிலும் போகும். பக்கத்தில் ஆளில்லாமல் கிடந்த நிலத்தில் இடுப்பளவு நின்றது. நான்காம் வருடம் என் நிலமும் பழையபடி ஆகிவிட்டது. நான் கூலி கொடுத்துப் பிடுங்கியதில் அக்கம்பக்கத்து நிலங்களுக்கும் பலன் இருந்தது, அங்கே பிடுங்காமல் விட்டதன் செலவோ என் தலையில் விழுந்தது. இது தனி ஆளின் வரவு செலவில் எங்குமே தெரியாது, வட்டாரத்தையே முழுசாக எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகாயத்தாமரை இன்னும் மோசம். மேல் ஏரியை விட்டுவிட்டுக் கீழ் ஏரியைச் சுத்தம் செய்தால் அடுத்த வெள்ளத்தில் வந்து நிற்கும், அதன் விதை சேற்றுக்குள் 15 வருடம்கூட உயிரோடு கிடக்கும்.

அதற்காக எல்லாக் களையையும் ஒழித்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. கலிபோர்னியாவின் களை ஒழிப்பு முயற்சிகளை அலசி 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. 1 ஹெக்டேருக்குள் இருந்தபோதே பிடித்த களைகளைப் பெரும்பாலும் அடியோடு ஒழித்திருக்கிறார்கள். 100 ஹெக்டேர் வரை பரவியவற்றில் மூன்றில் ஒன்று, 1000 வரை பரவியவற்றில் நாலில் ஒன்றுதான் ஒழிந்தது. அதைத் தாண்டினால் நம்பிக்கை மிகக் குறைவு. ஆக, பணம் முதலில் போக வேண்டியது புதிதாக முளைத்த சின்னத் திட்டுக்கு, ஆனால் அதைப் பற்றி யாரும் மனு கொடுப்பதில்லை, கண்ணில் படாததால் கேட்பாரும் இல்லை.

முற்றிலும் பரவிவிட்ட களைக்கு, அதைத் தின்னும் பூச்சியை விடுவது ஒரு வழி. ஆஸ்திரேலியாவில் 1920-களில் சப்பாத்திக்கள்ளி சுமார் 2.4 கோடி ஹெக்டேரை மூடியிருந்தது. அர்ஜென்டினாவிலிருந்து கொண்டுவந்த ஓர் அந்துப்பூச்சியை 1926 முதல் விட்டார்கள், சில வருடங்களிலேயே கள்ளிக்காடு சரிந்தது. செலவோடு ஒப்பிட்டால் மலைக்க வைக்கும் பலன். சரி, அதே பூச்சியை 1957-ல் கரீபியத் தீவு ஒன்றில் விட்டார்கள், 1989-ல் அது புளோரிடாவில் தென்பட்டது, அங்கே காலங்காலமாக இருக்கும் கள்ளிகளையே தின்கிறது. எது நம் வட்டாரம் என்று எல்லை போடும்போது கடல் தாண்டியும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். சீமைக் கருவேலத்தை வெட்டி விறகாக்கியும் கரிமூட்டம் போட்டும் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். வேரோடு பிடுங்கினால் அவர்கள் வருமானமும் சேர்ந்து போகிறது, அதுவும் செலவுதானே? அவர்களுக்கே களை எடுக்கும் வேலையைக் கூலியோடு கொடுப்பது எனக்கு நியாயமாகப் படுகிறது. தென்னாப்பிரிக்காவில் 1995 முதல், நீர்வளத்தைக் காக்க அயல் மரங்களை வெட்டும் வேலையை ஏழைகளுக்குக் கொடுத்து வருகிறார்கள்.

பணம் வீணாவதை நான் அதிகம் பார்த்தது இரண்டாம் வருடத்தில்தான். முதல் வருடம் இயந்திரம் வரும், படம் எடுப்பார்கள், நிலம் பளிச்சென்று இருக்கும். மண்ணைக் கிளறியதில் உள்ளே கிடந்த விதையெல்லாம் மழைக்கு முளைக்கும்போது பிடுங்க ஆளும் இல்லை, ஒதுக்கிய பணமும் இல்லை. ஐந்து வருடத்துக்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் தொடங்கவே வேண்டாம் என்பது என் கருத்து. பாதி இடத்தை எடுத்துக்கொண்டு ஐந்து வருடமும் செய்யலாம்.

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது இந்த ஐந்து வருடக் கணக்கை, ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதற்கும் போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி