பாசியைச் சுரண்டாதே, மாப்பிள்ளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஹோம்ஸ்டே வேலை மும்முரமாக நடக்கிறது என்று அக்கா சொன்னாள். சந்தோஷம். ஆனால் வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாது என்று பிப்ரவரியில் ஆள் வைத்து ஓடைப் பாறைகளில் படிந்த பாசியைச் சுரண்டி, மரக்கிளைகளையும் கழிக்கப்போகிறாயாமே. மூணாறு பக்கம் ஓடையோரத்தில் இடம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஸ்டேட்டஸில் வைத்தாயே, அந்த ரோஸ் நிறப் பூ, அது அந்தப் பாசிக்குள்தான் இருக்கிறது. காசித்தும்பையில் தண்டே இல்லாத வகை அது. மழை பிடித்ததும் சின்னக் கிழங்கிலிருந்து இலை விடும், நடுவிலிருந்து பூங்காம்பு எழும். மழை விட்டு ஈரம் வற்றினால் இலையெல்லாம் வாடிப்போய், கிழங்கு மட்டும் பாசிக்கடியில் கிடக்கும். கோடையில் பார்க்கிறவனுக்கு வெறும் பாறைதான். சுரண்டுகிறவன் கையில் என்ன போகிறதென்று அவனுக்கே தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் 90-க்கும் மேற்பட்ட காசித்தும்பை வகைகள் உண்டு. பெரும்பாலானவை வேறெங்கும் கிடையாது. காய் முற்றினால் தொட்டதும் வெடித்து விதை தெறிக்கும், நீயும் சின்ன வயதில் விளையாடியிருப்பாய். ஆனால் தெறித்து எவ்வளவு தூரம் போய்விடும்? ஒரு பாறையில் அழிந்தால் அடுத்த ஓடையிலிருந்து வந்து சேர்வது லேசில்லை. கிளையைக் கழித்தாலும் இதே கதிதான். நீர் கோத்த மெல்லிய இலை, வெயில் பட்டால் துவண்டுவிடும்.

லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தை 20 வருஷம் நிர்வகித்த ஜோசப் ஹூக்கர், 1911-ல் 94 வயதில் சாகும்வரை காசித்தும்பைகளை வகை பிரிக்கத்தான் மல்லுக்கட்டினார். காயவைத்தால் பூ ஒட்டிப்போய் உருவமே தெரியாது. பாவம், அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அப்படிக் காய்ந்தவைதான். உனக்கோ வாசலிலேயே உயிரோடு பூக்கிறது.

பெயர்த்துத் தொட்டியில் வைக்கிற யோசனையையும் விட்டுவிடு. தொட்டிக்கு வீட்டுக் காசித்தும்பை போதும், விதை நான் தருகிறேன்.

சரி, வழுக்கலுக்கு என்ன செய்வது? பாதையை ஓடையை விட்டு மேலே தள்ளிப் போடு, இறங்குகிற ஒரே இடத்தில் கல் பதித்துக் கைப்பிடிக் கயிறு கட்டு. சுரண்டுகிற ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அவனிடம் இந்தப் பாதை வேலையை வாங்கிக்கொள். கூலியில் பாதி என் கணக்கு.

அன்புடன்,
மாமா